கருப்பு காரும் வட்டக் கோடுகளும்: பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன்

நீங்கள் கேட்டது இது. சென்னையில் ஐந்து வருடமாக ஓடும் கருப்பு கார். வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது. போர் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சர்வீஸ் சென்டரில் ரப்பிங் பாலிஷும் டெஃப்லான் கோட்டிங்கும் போடச் சொல்கிறார்கள். இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா, எதை வாங்குவது, பின்கதவில் இருக்கும் சாவிக் கீறல் போகுமா?

செய்துகொள்ளலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும், தோள்பட்டை வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் காரை தினமும் காலையில் யார் துடைக்கிறார்?

கோவையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ரப்பிங் போட வரும் கார்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். அபார்ட்மென்டில் ஒருவர் ஆறு மணிக்கு வருவார். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி. அந்த ஒரே பக்கெட்டில், அதே துணியில் பன்னிரண்டு கார் துடைப்பார். ஐந்தாவது காருக்கு வரும்போதே தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருக்கும். முதல் காரின் சக்கரத்தில் இருந்த மண் ஏழாவது காரின் பானெட்டில் தேய்ந்துகொண்டிருக்கும். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு, ஒரு காருக்கு நாலு நிமிடத்தில் வேறு எப்படித் துடைப்பார்? ஆனால் உங்கள் பானெட்டில் இருக்கும் வலை அந்தத் துணி நெய்தது. அது தொடரும்வரை நீங்கள் போடும் பாலிஷ் மூன்று மாதம்கூடத் தாங்காது. அவருக்குக் கொடுக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். தூசியோடு நிற்கும் காருக்குத் தூசியால் ஒரு கெடுதலும் இல்லை. தூசியைக் காய்ந்த துணியால் இழுக்கும்போதுதான் கீறுகிறது.

அந்த வட்டங்கள் உண்மையில் வட்டமாகவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு வருடம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாகக் கோடுகள் மினுங்கும். தட்டை லேசாக நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். யாரும் அந்தத் தட்டை வட்டமாகவே தேய்க்கவில்லை. எல்லாத் திசையிலும் நேர்க்கோடுகள் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக இருக்கும் கோடுகள் மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாம் சேர்ந்து வட்டம் போலத் தோன்றுகிறது. கார் பெயின்ட்டிலும் இதேதான். வெள்ளை காரிலும் இதே அளவு கீறல் இருக்கும், தெரியாது. கருப்பில் எல்லாமே தெரியும். கருப்பு கார் வாங்கியவருக்கு நான் எப்போதும் கொஞ்சம் அனுதாபப்படுவேன்.

சரி, பெயின்ட் என்பது எவ்வளவு கனம்? தகடு மேல் முதலில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். பட்டறையில் இதைச் சுருக்கமாக ‘கிளியர்’ என்போம். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு முழுக்க அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது.

பாலிஷ் என்றால் பலரும் ஏதோ பூசுவது என்று நினைக்கிறார்கள். அது பூசுவது அல்ல, சீவுவது. கீறலின் அடி மட்டம்வரை சுற்றியுள்ள கிளியரைச் சமமாகச் சீவி எடுத்தால் கீறல் மறைகிறது. லேசான பாலிஷ் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். கனமான ரப்பிங் காம்பவுண்ட் மூன்று, நாலு மைக்ரான் எடுத்துவிடும். காரின் ஆயுள் முழுக்கச் சேர்த்து ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் சீவக் கூடாது என்பது எங்கள் கணக்கு. அதற்கு மேல் போனால் சில வருடத்தில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் வெளுத்து, தோல் உரிவது மாதிரி உரியும். பழைய டாக்சிகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே வருடா வருடம் சர்வீஸோடு சேர்த்து ரப்பிங் போடச் சொல்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் காரின் தோலை விற்றுப் பளபளப்பு வாங்குகிறீர்கள்.

வாக்ஸ் இதற்கு நேர் எதிர். அது எதையும் எடுக்காது, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காரும். கீறலைச் சரிசெய்யாது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கடையில் ‘வாக்ஸ் பாலிஷ்’ என்று ஒரே டப்பாவில் விற்கிறார்கள். அதில் கொஞ்சம் சீவும் பொடியும் இருக்கும், கொஞ்சம் மெழுகும் இருக்கும். கெட்டது இல்லை, ஆனால் மாதாமாதம் போட ஏற்றதும் இல்லை. மாதாமாதம் போட வேண்டியது சுத்தமான வாக்ஸ். வாங்கும்போது டப்பாவின் பின்புறம் ‘கீறல் நீக்கும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது சீவும் சாமான்.

இப்போது கழுவுவதற்கு வருவோம். இந்த வேலையில் எழுபது சதவீதம் கழுவுவதில்தான் இருக்கிறது என்பேன். காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் இறங்கிய பிறகு, நிழலில். பானெட்டைப் புறங்கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகிவிடும். முதலில் தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழே, தாராளமாக. ஒட்டாத மண்ணெல்லாம் துணி படாமலேயே போக வேண்டும். டியூப் இல்லை, பக்கெட்தான் என்றால் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள், அவசரப்படாதீர்கள்.

பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு கதவை நேர்க்கோட்டில் துடையுங்கள். அடுத்த கதவுக்குப் போகுமுன் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்பு. அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டைக் கடைசியில் சாய்த்துப் பாருங்கள், அடியில் ஒரு விரற்கடை மணல் கிடக்கும். அது காரில் தேயாமல் போன மணல். சக்கரத்துக்கும் கதவின் கீழ்ப் பகுதிக்கும் தனித் துணி, அதுவும் கடைசியில். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், போட்ட வாக்ஸைச் சீக்கிரம் எடுத்துவிடும். கழுவித் துடைத்தபின் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்த துணியால் ஒரு துடைப்பு விடும் பழக்கம் பழைய டிரைவர்களிடம் உண்டு. அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் ஊர்த் தூசி முழுவதும் வந்து ஒட்டும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் ஓடும். கை துடைக்கவும் கிரீஸ் துடைக்கவும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதில் தையல் மடிப்பு வரும், சில சமயம் ஒரு பட்டன்கூட வரும். கிளியர் மேல் அது படவே கூடாது. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியும் காய்ந்த தூசிக்கு ஆகாது. மைக்ரோஃபைபர் நாலைந்து வாங்குங்கள். தண்ணீர் ஒற்ற ஒரு கனமான பெரியது, வாக்ஸ் துடைக்க நடுத்தரக் கனத்தில் மூன்று. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரித்துவிடுங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், பருத்தித் துணியோடு சேர்க்க வேண்டாம். தரையில் விழுந்த துணி அந்த நிமிடமே சக்கரத் துணியாகப் பதவி இறக்கம்.

வெள்ளைப் புள்ளிக்கு வருகிறேன். உங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 என்று வைத்துக்கொள்வோம், சென்னையின் பல இடங்களில் அது ஆச்சரியமே இல்லை. ஒரு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் உப்பு. கழுவி முடித்துத் துடைக்காமல் விட்டால் காரில் தங்கும் அரை லிட்டர் தண்ணீர் காய்ந்து அரை கிராம் உப்பைக் காரில் விட்டுவிட்டுப் போகிறது. கால்சியமும் மெக்னீசியமும் கிளியரில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி உட்காரும். வெயில் ஏற ஏறக் கெட்டிப்படும்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்த புதிதில், அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று டிரம்மில் பிடித்து வைத்துக் கார் கழுவினேன். சிக்கனம் என்று பெருமை வேறு. இரண்டு மாதத்தில் கதவு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் தெரியும்: ஆர்ஓ நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் சேர்த்து அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் அனுப்புகிறது. போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். தரை துடைக்கலாம், காருக்கு வேண்டாம்.

நல்ல தண்ணீர் உங்கள் வீட்டு பால்கனியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசி குழாயில் வரும் தண்ணீர் காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் உப்பு அநேகமாகக் கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஏசி ஓடினால் ஒரு பக்கெட் நிரம்பும். கழுவுவதை போர் தண்ணீரிலேயே செய்யுங்கள். கடைசி அலசல் மட்டும் இந்த ஒரு பக்கெட்டில், பூவாளியால் கூரையிலிருந்து ஊற்றுங்கள். உடனே பெரிய துணியை விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பக்கத்து வீட்டு ஏசித் தண்ணீரையும் கேட்டு வாங்கும் நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள், நான் வந்துவிட்டேன்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு: மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியை நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள், மெதுவாகத் துடைத்து, உடனே தண்ணீர் ஊற்றி அலசுங்கள். நிழலில் மட்டும். இரண்டு மூன்று தடவையில் மேலே இருக்கும் உப்பு கரைந்து போகும். போன பிறகும் அதே இடத்தில் சின்னக் குழி மாதிரி வளையம் தெரிந்தால் அது உப்பு அல்ல, கிளியரே அரித்திருக்கிறது. அதற்குப் பாலிஷ்தான் வழி.

கழுவிக் காய்ந்த காரில் அடுத்து ஒரு சோதனை. மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டில் விரல்களை மெதுவாக ஓட்டுங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்தது பைக்குள் சொரசொரவென்று தெரியும். பிரேக்கிலிருந்தும், ரயில் தண்டவாளத்துப் பக்கமும் பறக்கும் இரும்புத் துகள், பக்கத்தில் கேட்டுக்கு அடித்த ஸ்பிரே பெயின்ட், மரத்துப் பிசின் எல்லாம் கிளியரில் குத்தி நிற்பதுதான் அந்தச் சொரசொரப்பு. கழுவினால் போகாது. இதற்குத்தான் களிமண் கட்டி, கடையில் ‘கிளே பார்’ என்று கேளுங்கள். சப்பாத்தி மாவு உருண்டை அளவு எடுத்து, கையில் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் வழுக்கவிடுங்கள். முதலில் கரகரவென்று பிடிக்கும். பத்துப் பதினைந்து தடவையில் சத்தமே இல்லாமல் சறுக்கும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே எடுங்கள். கீழே விழுந்தால் குப்பையில் போடுங்கள். நூறு கிராம் கட்டியைத் தூக்கிப் போட மனசு வராது, எனக்கும் வராது, ஆனாலும் போடுங்கள். தரை மணல் அதில் ஒட்டிய பிறகு அது உப்புத் தாள். முன்பே நாலாக வெட்டி வைத்துக்கொண்டால் நஷ்டம் கால்வாசி.

இப்போது பாலிஷ். இங்கேதான் அவசரம் கூடவே கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். பெரிய வட்ட மெஷின், கம்பளிப் பேட், மெரூன் நிறக் கார். கதவின் நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டில் கவனிக்காமல் ஒரு நொடி நிறுத்திவிட்டேன். பேட் மெரூனாகிவிட்டது. அப்போது எனக்கு அது என்ன என்றுகூடப் புரியவில்லை. மேஸ்திரி பேட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். அந்தக் கதவு முழுவதையும் மறுபடி பெயின்ட் அடித்தோம், என் சம்பளத்தில். மடிப்பிலும் ஓரத்திலும் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், பேட்டின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். இன்றைக்கும் மடிப்புகள் மேல் டேப் ஒட்டாமல் நான் மெஷினைத் தொடுவதில்லை.

அதனால் வீட்டு வேலைக்கு அந்த மெஷின் வேண்டாம். டிரில்லில் மாட்டும் பேட் என்று மலிவாக விற்கிறார்களே, அது இன்னும் மோசம். ‘டூயல் ஆக்‌ஷன்’ என்ற வகையைக் கேளுங்கள். பேட் சுற்றும், கூடவே ஆடும். ஒரே இடத்தில் சூடு ஏறாது, அழுத்தினால் சுற்றுவது தானாக நின்றுவிடும். கிளியரைச் சுட்டுவிடுவது அதில் கஷ்டம். ஓரளவு நல்லது வாங்கினால் ஐயாயிரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு காருக்கு இது அதிகம் என்று நினைத்தால் இரண்டு மூன்று நண்பர்களாகச் சேர்ந்து வாங்குங்கள். கையாலும் செய்யலாம். மெல்லிய கோடுகள் பாதியாவது குறையும். பானெட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எதில் செய்தாலும் முதலில் பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே லேசான பாலிஷ், மெத்தென்ற ஃபோம் பேட். பட்டாணி அளவில் நாலு பொட்டு வையுங்கள், அதற்கு மேல் தேவையே இல்லை. மெஷினைப் போடுவதற்கு முன் பேட்டைப் பெயின்ட்டில் ஒற்றி ஒற்றி மருந்தைப் பரப்புங்கள், இல்லையென்றால் சுவரெல்லாம் தெறிக்கும், வீட்டில் திட்டு விழும். நடு வேகத்தில், ஒரு தடவை போன பாதையில் பாதி மேலேறும்படி அடுத்த தடவை, முதலில் இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். கை மெதுவாக நகர வேண்டும். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். புதிதாகச் செய்பவர் எல்லோரும் இஸ்திரி போடுவது மாதிரி வேகமாக இழுப்பார்கள், அதில் ஒன்றும் நடக்காது. நாலைந்து சுற்றில் மருந்து மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி கண்ணாடியாகும், அப்போது நிறுத்துங்கள். துடையுங்கள்.

துடைத்தவுடன் சந்தோஷப்படாதீர்கள். பாலிஷில் எண்ணெய் இருக்கும், அது கீறலை நிரப்பி மறைத்து வைத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நாலைந்து மடங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டேப்புக்கு இந்தப் பக்கம் கருங்கல் மாதிரி, அந்தப் பக்கம் எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தால் உங்கள் மருந்தும் பேட்டும் சரி, காரெல்லாம் அதேபடி செய்யலாம். கொஞ்சம் கோடு மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. அப்படியும் போகாவிட்டால்தான் ஒரு படி கனமான காம்பவுண்ட், பிறகு அது விட்ட மங்கலை எடுக்க மறுபடி லேசான பாலிஷ். எழுபது, எண்பது சதவீதம் போனால் நான் நிறுத்திவிடச் சொல்வேன். மிச்சமிருக்கும் இரண்டு ஆழக் கோட்டுக்காகக் கார் முழுக்கச் சீவுவது வீண்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டை வெளியே விடாது, அங்கே கை இன்னும் லேசாக இருக்கட்டும். எந்தப் பகுதியாவது முன்பு மறுபெயின்ட் அடித்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டறைக்குப் பட்டறை கனம் மாறும். அடித்து ஒரு மாதம் ஆகாத பெயின்ட்டில் வாக்ஸ் போடாதீர்கள், உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி வெளியே வர வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த புது காருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, அங்கே 140 டிகிரி அடுப்பில் வேக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். துணியில் காரின் நிறமே ஒட்டி வந்தால் பயந்துவிடாமல் யோசியுங்கள். மாருதி 800 காலத்து வெள்ளை மாதிரி கிளியரே இல்லாத பழைய பெயின்ட் என்றால் நிறம் வரத்தான் செய்யும். உங்கள் காரில் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். மேட் ஃபினிஷ் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம், அதில் பாலிஷும் கூடாது, வாக்ஸும் கூடாது.

வாக்ஸ் சுலபம், பத்து வயதுப் பிள்ளையிடம்கூடக் கொடுக்கலாம். ஈர ஸ்பாஞ்சில் மிக மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தடவுங்கள். கனமாகத் தடவினால் கூடுதல் பாதுகாப்பு இல்லை, துடைப்பதுதான் கஷ்டம். பத்து நிமிடத்தில் பால் ஆடை மாதிரி மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் கொஞ்சம் காயட்டும். கருப்புப் பிளாஸ்டிக் பட்டைகளில் படாமல் முன்பே டேப் ஒட்டுங்கள். அங்கே பட்ட வாக்ஸ் வெள்ளையாகக் காய்ந்து ஆறு மாதத்துக்கு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

எந்த வாக்ஸ்? கார்னாபா என்று எழுதியிருப்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் ஓலையில் படியும் மெழுகு. ஓலையைக் காய வைத்துத் தட்டி உதிர்க்கிறார்கள். நம் ஊர் கடையில் மினுமினுக்கும் மிட்டாய்கள் சிலவற்றின் மேல் இருப்பதும் இதுதான். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கெட்டியான வகை. தனியாக எடுத்தால் கல் மாதிரி இருக்கும், தடவவே முடியாது. ஆகவே ‘நூறு சதவீதம் கார்னாபா’ என்று டப்பாவில் போட்டிருந்தால் விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு நிறத்தில் அது தரும் ஆழம் அழகுதான். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு. ‘சீலன்ட்’ என்ற செயற்கை வகை நாலைந்து மாதம் நிற்கும். உங்களுக்கு நான் சீலன்ட்தான் சொல்வேன், தீபாவளிக்கு முன் கார்னாபா ஒரு கை, ஆசைக்கு.

டெஃப்லான் கோட்டிங்? அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். தோசைக்கல்லில் அதை ஒட்ட வைக்க அதற்கும் மேல் சூடேற்றும் அடுப்பில் வைக்கிறார்கள். காரை அப்படி வைத்தால் பெயின்ட் கரியாகிவிடும். மாலை நாலு மணிக்கு விட்டு ஆறு மணிக்கு எடுக்கும் காரில் பேட்டால் தடவுவது என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அநேகமாக ஒரு சீலன்ட், அதே பொருளை நீங்கள் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கலாம். செராமிக் என்பது வேறு விஷயம், சிலிக்கா சார்ந்தது, உண்மையிலேயே வருடக்கணக்கில் நிற்கக்கூடியது. ஆனால் அதன் அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்து அடைத்துவிடும். முன்வேலை சரியில்லாமல் போட்டால் வலையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதுதான்.

நம் ஊருக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜைக்குப் பளபளவென்று கழுவி, பானெட்டில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் வைப்போம். நாலு நாள் கழித்து அது காய்ந்து ஓடாகும், நகத்தால் சுரண்டுவோம். அந்தப் பொட்டு இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம், பக்கத்தில் நாலு நகக்கீறல். பூஜை முடிந்த அன்று சாயங்காலமே ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊற வைத்து வழித்து எடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மஞ்சள் கறை மிஞ்சினால் கவலை வேண்டாம், வெயில் பட்டு இரண்டு மூன்று நாளில் தானே வெளுத்துவிடும். பூமாலையின் நாரும் ஜரிகையும் ஓடும் காரில் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் பானெட்டில் விசிறி மாதிரி ஒரு தடம் விழும். தெரு முனைவரை மாலையோடு ஓட்டுங்கள், பிறகு கழற்றி உள்ளே வையுங்கள்.

பறவை எச்சம் அமிலம். அது மட்டுமல்ல, கருப்பு பானெட் வெயிலில் கொதித்து கிளியர் இளகி விரிகிறது, மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது, ராத்திரி குளிரும்போது கிளியர் அந்த வடிவத்திலேயே சுருங்குகிறது. மதியத்துக்குள் எடுக்காவிட்டால் தடம் விழும். காரில் ஒரு சின்னத் தண்ணீர் ஸ்பிரேயும் ஒரு துணியும் வைத்துக்கொள்ளுங்கள். நனைத்து, ஊற விட்டு, தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள், எச்சத்துக்குள் விதையும் மணலும் இருக்கும். நாவல் மரத்தடியில் ஆனி, ஆடியில் நிறுத்தாதீர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் பிசுபிசுப்பு அன்றே கழுவினால் போகும், ஒரு வாரம் விட்டால் களிமண் கட்டி தேவைப்படும். கார் கவரா? தூசியோடு நிற்கும் காரில் கவர் போட்டால் காற்றில் அது ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் உப்புத் தாள் தேய்ப்புதான். கழுவித் துடைத்த காருக்கு மட்டும் கவர்.

கடைசியாகப் பின்கதவுச் சாவிக் கீறல். கீறலுக்குக் குறுக்காக நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அநேகமாகக் கிளியரைத் தாண்டிப் போயிருக்கிறது, பாலிஷ் அதை முழுதாக எடுக்காது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. பற்பசையும் ஒரு சீவும் பொடிதான், கருப்பில் கீறலைச் சுற்றி ஒரு மங்கல் தடம் விழும், பிறகு அதை எடுக்க இன்னொரு பாலிஷ். கீறலுக்குள் வெள்ளை அல்லது சாம்பல் நிறம் தெரிந்தால் அது பிரைமர், அவசரமில்லை. தகடு மின்னினால் கடல் காற்று அடிக்கும் ஊரில் மழைக்காலத்துக்கு முன் மூடியாக வேண்டும். காரின் நிறக் குறியீடு முன்கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, பானெட்டுக்குக் கீழே உள்ள தகட்டிலோ இருக்கும். அந்தக் குறியீட்டைக் கொடுத்து, அதே நிறத்தில் டச்சப் பெயின்ட் பாட்டில் வாங்குங்கள். கூடவே வரும் பிரஷ் கனம், அதைப் பயன்படுத்தாதீர்கள். குச்சியைச் சீவி முனையில் ஒரு சொட்டு எடுத்து, கீறலின் பள்ளத்துக்குள் மட்டும் விழும்படி விடுங்கள். அரை நாள் காயட்டும், இன்னொரு சொட்டு. சுற்றியுள்ள மட்டத்துக்கு வரும்வரை மூன்று நாலு தடவை ஆகும். கிட்டே வந்து பார்த்தால் தெரியும், நாலடி தள்ளி நின்றால் தெரியாது.